நிற்கும் சட்ஜமம், நகரும் காந்தாரம்

எதிர்வீட்டுப் பையன் கிதார் வாசிக்கிறவன். நேற்று சாயங்காலம் டீ குடிக்க வந்தவன் 'டீச் யுவர் சில்ட்ரன்' என்ற 1970ஆம் வருஷத்துப் பாட்டை போனில் போட்டுக் காட்டினான். "அங்கிள், பின்னாடி ஒண்ணு கெஞ்சுற மாதிரி வருதே, அது என்ன? என் கிதார்ல எப்படி இழுத்தாலும் அது வரமாட்டேங்குது."

வராது. அது பெடல் ஸ்டீல் கிதார். அந்தப் பாட்டில் வாசித்தவர் ஜெர்ரி கார்சியா. பெயரில்தான் கிதார், பார்வைக்குத் தையல் மெஷின். நாலு காலில் நிற்கும் பலகை, அதன்மேல் பெரும்பாலும் பத்துக் கம்பி, கீழே வரிசையாக மிதிகள், முழங்காலால் தள்ளச் சில லீவர்கள். ஃப்ரெட் கிடையாது, இடம் தெரிய வெறும் கோடுகள் மட்டும் உண்டு. இடது கையில் வழவழப்பான ஒரு எஃகு உருளை, வலது கையில் மூன்று விரல்களுக்கு மீட்டும் நகங்கள். இடது கால் மிதியை அழுத்தும். வலது கால் வால்யூம் பெடலில் இருந்துகொண்டு, சத்தம் தேயத் தேய மெல்ல ஏற்றிக்கொடுக்கும். நாதம் அறுபடாமல் நீள்வது அந்த வலது காலின் உபயம். வாசிப்பவரின் உடம்பில் சும்மா இருப்பது தலை மட்டும்தான்.

கம்பிமேல் இரும்பை வழுக்கவிடும் வித்தை ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் அதைப் பிரபலமாக்கினார். நம் கோட்டுவாத்தியத்திலும் இதே வழுக்கல் இருப்பதால், "கமகம் மாதிரி இருக்கே" என்று நம் காது சட்டென்று சொல்லிவிடும். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

உருளையை நகர்த்தினால் அதன் கீழுள்ள எல்லாக் கம்பியும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். மிதி அப்படியில்லை. மூன்று கம்பிகள் சேர்ந்து ச, க, ப என்று ஒலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிதியை அழுத்தினால் அந்தர காந்தாரம் மட்டும் அரை ஸ்வரம் ஏறிச் சுத்த மத்யமம் ஆகும். பக்கத்து மிதி பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-க-ப என்பது ச-ம-த ஆகிவிடும். சட்ஜமம் இம்மிகூட நகராது. கூட இருந்த இரண்டு பேர் மட்டும் எழுந்து இடம் மாறி உட்காருகிறார்கள், அதுவும் நாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நம் காது பார்த்துக்கொண்டிருக்க. பையனுக்குக் கெஞ்சலாகக் கேட்டது இதுதான். தனி வழுக்கலில் இது கிடைக்காது. ஒன்று நிற்க, அதை உரசிக்கொண்டு இன்னொன்று நகர வேண்டும்.

இப்படி நாதம் ஓடும்போதே மிதிக்கும் வழக்கம் வருவதற்கு முன்பே மிதி வைத்த கருவிகள் உண்டு. ஆனால் ஒரு சுருதி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குத்தான் அவற்றின் மிதி பெரும்பாலும் பயன்பட்டது. பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் கிதார்காரர் பட் ஐசக்ஸ் கம்பியை மீட்டிவிட்டு, அது ஒலிக்கும்போதே மிதித்தார். 1954இல் அந்தப் பாட்டு அமெரிக்கக் கன்ட்ரி இசைச் சந்தையைக் கலக்கியது. மற்ற ஸ்டீல் கிதார்காரர்களுக்கு அதன்பின் மிதி இல்லாமல் பிழைப்பில்லை. ஐசக்ஸ் வாசித்த கருவியைச் செய்தவர் கலிபோர்னியாவின் பால் பிக்ஸ்பி. அதற்குமுன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தக் கருவியின் அடிவயிற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் கம்பியும் நெம்புகோலுமாக இருக்கும், அவருடைய பழைய தொழில் ஞாபகத்துக்கு வரும்.

"பழசுதான் ஒசத்தின்னு ஏன் சொல்றாங்க?" என்றான். இரண்டாவது டீ வந்தது.

பழசு என்று ஏங்குகிறவர்கள் அதிகம் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் நாஷ்வில்லில் தொடங்கிய 'ஷோ-பட்' ஒன்று. எம்மன்ஸ் பிரிந்துபோய் 1963இல் தன் பெயரிலேயே தொடங்கியது இன்னொன்று. ஷோ-பட்டில் மரத்தின் கதகதப்பு கேட்கும் என்பார்கள். எம்மன்ஸின் பழைய கருவியில் பத்துக் கம்பியும் பத்துத் தனிக் குரலாகக் கேட்கும் என்பார்கள். அதற்குப் 'புஷ்-புல்' என்று பெயர். சுருதியை ஏற்ற இழுக்கும், இறக்கத் தள்ளும். மிதிக்காத நேரத்தில், கம்பி உட்கார்ந்திருக்கும் உலோக விரல் கருவியின் உடம்போடு அழுந்தி நிற்கும். அதனால் அதிர்வு நேராக உடம்புக்குள் இறங்குகிறது என்பது ரசிகர்கள் கட்சி. அந்த விரலைச் சுருதிக்குக் கொண்டுவருவதோ பிராண சங்கடம். ஒன்றைத் திருகினால் இன்னொன்று கலையும். பின்னால் வந்த 'ஆல்-புல்' அமைப்பில் இந்தத் தொல்லை குறைவு. அப்படியும் சிலர் பழையதை விடுவதில்லை.

எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஸ்டீல் கிதாரின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம் காதுக்குச் சொல்லிக்கொடுத்த ஒலிப்பதிவுகள் பலவும் இந்தக் கருவிகளில் வாசித்தவை. பிறகு இவற்றின் குரல்தான் சரியானது என்று காது சொல்வதில் என்ன ஆச்சரியம்? மோசமாகச் செய்தவை எப்போதோ பரணுக்குப் போயிருக்கும். பழசுக்குக் குறையும் உண்டு: அழுத்தி மிதித்தால் பலகை சற்றே வளைந்து, தொடாத கம்பியும் மயிரிழை இறங்கிவிடும். இன்னொன்று, மின் கிதார்காரர்கள் வால்வு ஆம்புக்கு உருகுவார்கள். ஸ்டீல்காரர்களில் பலர் 1970களிலேயே டிரான்சிஸ்டர் வைத்த பீவி ஆம்புக்கு மாறிவிட்டார்கள், குரல் உடையாமல் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக. பழமை மோகத்துக்கும் எல்லை இருக்கிறது.

நான் சந்தேகப்படாத ஒன்று சுருதி. பலர் காந்தாரத்தைப் பியானோ சொல்கிற இடத்தைவிடக் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்தால் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் தானாகக் கேட்குமே, அந்த இடம். மூன்று கம்பியும் அங்கே பூட்டிக்கொள்ளும்போது அலை அடங்கி ஒரே திரியாக எரியும். எலெக்ட்ரானிக் டியூனரின் முள்ளை அப்படியே நம்பி வைத்தால் அது கிடைப்பதில்லை.

பையனுக்கு இதெல்லாம் ஆகிற காரியமாகத் தெரியவில்லை. "கீபோர்டுல இந்த சவுண்டு இருக்கே" என்றான். இருக்கிறது. ஆனால் அதில் சுருதியை வளைக்கும் சக்கரத்தைத் திருகினால் வழக்கமாக எல்லா ஸ்வரமும் சேர்ந்தே ஏறும், சட்ஜமமும் கூடவே கிளம்பிவிடும். "உன் கிதாரை எடு. மேல் சத்தம் தரும் இரண்டு கம்பியையும் அசையாம அழுத்திப் பிடி. மூணாவதை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இழு" என்றேன்.

இழுத்தான். பிடித்திருந்த இரண்டும் கூடச் சேர்ந்து பிசகின. திரும்ப இழுத்தான். 1960களின் கடைசியில் கிளாரன்ஸ் ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும் இந்த அவஸ்தைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோள்பட்டை வாரில் கிதாரைக் கீழே அழுத்தினால் இரண்டாவது கம்பி மட்டும் ஏறும்படி டெலிகாஸ்டர் என்ற மின் கிதாருக்குள் ஒரு நெம்புகோலை வைத்தார்கள். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் நாலாவது தடவையாக இழுத்துக்கொண்டிருந்தான், விரல் நுனி சிவந்திருந்தது.