டெற்றோயிற்றின் எதிரி யார்?

அமெரிக்கக் கார்த் தொழிலின் நெருக்கடி பற்றி எழுதுபவர்கள் வழமையாக 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்திலிருந்தோ, யப்பானியக் கார்களின் வருகையிலிருந்தோ தொடங்குவார்கள். நாம் ஒரு கொலையிலிருந்து தொடங்குவோம். 1982 ஜூன் 19ஆம் திகதி இரவு, டெற்றோயிற் நகரத்தால் சூழப்பட்ட ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ற் சின் என்ற 27 வயது இளைஞர் பேஸ்போல் மட்டையால் அடித்து வீழ்த்தப்பட்டார். நான்கு நாட்களின் பின் இறந்தார். அவரது திருமணத்துக்குச் சில நாட்களே இருந்தன. அடித்தவர் கிறைஸ்லர் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளர். கூட இருந்தவர் அவரது மனைவியின் மகன். கார்த் தொழிலில் வேலையிழந்தவர். விடுதியொன்றில் தொடங்கிய வாய்த்தர்க்கத்தின்போது, உங்களால்தான் எங்களுக்கு வேலை இல்லாமற் போனது என்ற கருத்துப்பட மேற்பார்வையாளர் கத்தியதாக ஒரு சாட்சி பின்னர் கூறினார்.

வின்சென்ற் சின் யப்பானியர் அல்லர்; சீன வம்சாவளியினர். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் கார்த் தொழில்தான். கார் நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுத்த ஒரு கம்பனியில் அவர் படவரைஞராக இருந்தார். யப்பானியப் போட்டி யாருடைய சோற்றில் மண்ணைப் போடுகிறது என்று கணக்கெடுத்தால், அந்தப் பட்டியலில் அவரது பெயரும் இருந்திருக்கும். 1983 மார்ச்சில் மிச்சிகன் நீதிமன்றம் இருவருக்கும் விதித்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3000 டொலர் தண்டமும். சிறைத்தண்டனை இல்லை.

இந்தக் கோபம் எங்கே பிறந்தது, எவ்வழியாக நடந்து ஓர் ஆசிய முகத்தில் வந்து இறங்கியது என்பதுதான் நமது கேள்வி. 1992இல் ரொஸ்ரொக் நகரில் வியட்நாமியத் தொழிலாளரின் குடியிருப்புக்குத் தீ வைக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இக்கேள்வியின் அவசரத்தை விளக்க வேண்டியதில்லை.

1950களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ், போர்ட், கிறைஸ்லர் என்ற மூன்று நிறுவனங்களும் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தயாரித்தன. போட்டி என்பது வருடாவருடம் காரின் வெளித்தோற்றத்தை மாற்றுவதாக இருந்தது. 1950இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தமொன்றைச் செய்துகொண்டது. ‘டெற்றோயிற் உடன்படிக்கை’ என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். வாழ்க்கைச் செலவுக்கேற்பச் சம்பள உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி எல்லாம் தொழிலாளருக்குக் கிடைத்தன. பதிலாக அவர்கள் விட்டுக்கொடுத்தது ஒன்றேயொன்று: என்ன காரைத் தயாரிப்பது, எப்படித் தயாரிப்பது என்பது நிர்வாகத்தின் தனியுரிமை. எனது அபிப்பிராயத்தில் பின்னால் வந்த அத்தனை சீரழிவுக்கும் விதை இங்கேதான் போடப்பட்டது. காரைக் கையால் தொடுபவனுக்குக் காரைப் பற்றிப் பேச உரிமையில்லை என்று இரு தரப்பும் கையொப்பமிட்டன.

அதன் விளைவை ஓகையோ மாநிலத்தின் லோட்ஸ்ரவுண் தொழிற்சாலையில் காணலாம். சிறிய வெளிநாட்டுக் கார்களுக்குப் பதிலடியாக ஜெனரல் மோட்டோர்ஸ் 1970இல் ‘வேகா’ என்ற சிறிய காரை அங்கே தயாரிக்கத் தொடங்கியது. மணிக்கு சுமார் 100 கார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு காருக்குக் கிடைத்தது 36 செக்கன். 1972இல் அங்கிருந்த இளம் தொழிலாளர்கள் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது முறைப்பாடு சம்பளத்தைப் பற்றியதல்ல. வேகத்தையும் ஆட்குறைப்பையும் பற்றியது. ‘வேகா’வோ துருப்பிடித்தது, இயந்திரம் சூடேறிப் பழுதானது. வாங்கியவர்களில் பலர் அடுத்த தடவை யப்பானியக் காரைத் தேடிப் போனார்கள். எண்ணெய் நெருக்கடி அவர்களைத் துரிதப்படுத்தியது, அவ்வளவுதான்.

1979இல் இரண்டாவது எண்ணெய் விலையேற்றம் வந்தபோது கிறைஸ்லர் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. 1500 மில்லியன் டொலர் கடனுக்கு அமெரிக்க அரசு பிணை நின்றது. தொழிலாளர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசருக்கு 1980இல் பணிப்பாளர் சபையில் ஒரு கதிரை கிடைத்தது. தொழில்துறை முழுவதிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். உலகில் அதிக வாகனங்களை உற்பத்தி செய்யும் நாடு என்ற இடத்தை அதே 1980இல் யப்பான் பிடித்தது. சங்கக் கூட்டங்களிலும் ஒன்றுகூடல்களிலும் ரொயோட்டாக் கார்களைச் சம்மட்டியால் அடித்து நொருக்கும் காட்சிகள் அரங்கேறின.

சம்மட்டி தூக்கியவர்களுக்கு யாரும் சொல்லாத விடயம் ஒன்றிருந்தது. கிறைஸ்லர் 1971 முதலே மிற்சுபிஷி தயாரித்த காரைத் தனது ‘டொட்ஜ்’ முத்திரையுடன் விற்றுவந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் அதே ஆண்டில் இசுசு நிறுவனத்தின் மூன்றிலொரு பங்கை வாங்கியிருந்தது. போர்ட் 1979இல் மாஸ்டாவின் நாலிலொரு பங்கை வாங்கியது. முதலாளிகள் யப்பானுடன் பங்காளிகள். தொழிலாளர்கள் மட்டும் யப்பானுடன் யுத்தத்தில்!

1981இல் றேகன் அரசு யப்பானுடன் பேசி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. யப்பான் ‘தானாக முன்வந்து’ வருடத்துக்கு 1.68 மில்லியன் கார்களை மட்டும் ஏற்றுமதி செய்யும். தானாக முன்வந்து என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் விளைவு சிரிப்புக்குரியதல்ல. எண்ணிக்கைக்கு எல்லை போட்டால் விற்பவன் என்ன செய்வான்? மலிவான காரை விட்டுவிட்டு விலை கூடிய காரை அனுப்புவான். யப்பானியர்கள் அதையே செய்தார்கள். 1986இல் ஹொண்டாவின் ‘அக்கியூரா’, 1989இல் ரொயோட்டாவின் ‘லெக்சஸ்’, நிசானின் ‘இன்பினிற்றி’ என்று ஆடம்பரக் கார்ச் சந்தைக்குள்ளும் புகுந்தார்கள். எஞ்சியதை அமெரிக்க மண்ணிலேயே தயாரித்தார்கள்: ஹொண்டா 1982இல் ஓகையோவில், நிசான் 1983இல் ரெனெசியில், ரொயோட்டா 1988இல் கென்ரக்கியில். டெற்றோயிற்றோ கிடைத்த அவகாசத்தில் விலையை உயர்த்தியது. 1983, 1984இல் பெரும் இலாபம். நிர்வாகிகளுக்குப் பெரும் போனஸ். 1978இல் இருந்த வேலைகளோ திரும்பி வரவில்லை.

சந்தேகப்படுபவர்கள் கலிபோர்னியாவின் பிறீமொன்ற் நகரைப் பார்க்கலாம். ஒரு பரிசோதனைக்கூடத்தில் வைத்துச் செய்தது போல அங்கே விடயம் நிரூபணமானது. அங்கிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. எந்த நாளும் ஐந்திலொரு பங்கினர் வேலைக்கு வராத, குடியும் வழக்கும் மலிந்த, நாட்டிலேயே மிக மோசமான தொழிற்சாலை என்று அதற்குப் பெயர். 1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டோர்சும் கூட்டாக அதைத் திறந்தன. நிர்வாகம் ரொயோட்டாவினது. தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையினர் பழைய ஆட்கள்தான்; அதே சங்கம். பலரை யப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அசெம்பிளி லைன் நெடுக ஒரு கயிறு தொங்கியது. பிழையைக் கண்ட எவரும் அதை இழுத்து உதவி கேட்கலாம். உடன் திருத்த முடியாவிட்டால் வரிசையே நிற்கும். பழைய தொழிற்சாலையில் வரிசையை நிறுத்துவது மன்னிக்க முடியாத குற்றம். பிழையான காரை அப்படியே அனுப்பிப் பிறகு வெளியில் வைத்துத் திருத்துவதே வழமை. புதிய முறையில், ஓரிரு வருடங்களுக்குள் யப்பானில் தயாரான கார்களுக்கு இணையான கார்கள் அந்த ‘சோம்பேறி’களின் கைகளிலிருந்து வெளிவந்தன.

இதனை யப்பானிய முறையின் துதியாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய தொழிற்சாலையில் நிமிடத்துக்கு 45 செக்கன் வேலை செய்தவர் இங்கே 57 செக்கன் வேலை செய்தார். தொழிற்சங்க இடதுசாரிகளான ‘லேபர் நோட்ஸ்’ குழுவினர் இதனை ‘அழுத்தத்தின் மூலம் நிர்வாகம்’ என்று வர்ணித்தது சரியே. யப்பானிலும் இம்முறை தோற்கடிக்கப்பட்ட போராட்டங்களின் மேல்தான் எழுந்தது. 1953இல் நிசானில் நூறு நாட்களுக்கு மேல் நீடித்த போராட்டம் முறியடிக்கப்பட்டு, நிர்வாகத்துக்கு இணக்கமான சங்கம் நிறுவப்பட்டதை மறக்க முடியாது. ஆயினும் பிறீமொன்ற் ஒரு விடயத்தை நிரூபித்தது. பழுது தொழிலாளியிடம் இருக்கவில்லை.

ஜெனரல் மோட்டோர்ஸ் இதிலிருந்து என்ன கற்றது? மிக மெதுவாகச் சிலவற்றை. கயிற்றைத் தொங்கவிடுவது இலகு. அதை இழுப்பவனைத் தண்டிக்காமல் விடுவது மேற்பார்வையாளரின் அதிகாரத்தில் கைவைக்கும் காரியம். எத்தனை கார் வெளியேறியது என்பதற்கே போனஸ் கொடுத்துப் பழகிய அமைப்பில் வரிசையை நிறுத்த யார் துணிவார்? அன்றைய தலைவர் றோஜர் சிமித் பல்லாயிரம் மில்லியன் டொலர்களை றோபோக்களிலும் புதிய தொழிற்சாலைகளிலும் கொட்டினார். அவற்றிலொன்றுக்காக 1981இல் டெற்றோயிற் நகரசபை ‘போல்ரவுண்’ என்ற குடியிருப்பையே இடித்துத் தள்ளி நாலாயிரத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றியது. வீடிழந்தவர்களில் போலந்துக் குடியேறிகளின் முதியவர்களும் கறுப்பின மக்களும் இருந்தனர். அவர்களை வெளியேற்றியது யப்பானியர் அல்ல.

1992 ஜனவரியில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் மூன்று நிறுவனங்களின் தலைவர்களையும் அழைத்துக்கொண்டு தோக்கியோ சென்று, அமெரிக்கக் கார்களை வாங்குமாறு கேட்டார். யப்பானில் வாகனம் வீதியின் இடப்பக்கத்தால் ஓடும், நமது ஊரைப் போல. ஆனால் டெற்றோயிற்றின் கார்களில் அநேகமானவற்றுக்கு ஸ்ரியறிங் இடது பக்கம். அதை மாற்றாமலே சந்தை மூடிக் கிடக்கிறது என்று முறையிட்டார்கள். யப்பானியச் சந்தையில் தடைகள் இல்லாமலில்லை. ஆனாலும் இதைத் தடை என்று சொல்ல முடியாது.

எஞ்சிய கதை விரைவாகச் சொல்லக்கூடியது. இறக்குமதி ட்றக்குகளுக்கு 1964 முதல் இருந்த 25 வீதத் தீர்வையின் நிழலில் டெற்றோயிற் பெரிய ட்றக்குகளில் இலாபம் தேடியது. 2008இல் பெற்றோல் விலையும் நிதி நெருக்கடியும் சேர்ந்து அதையும் உடைத்தன. 2009இல் கிறைஸ்லரும் ஜெனரல் மோட்டோர்சும் வங்குரோத்தாகின. அரசு ஜெனரல் மோட்டோர்சில் மட்டும் சுமார் 50,000 மில்லியன் டொலரைப் போட்டது. புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு ஏறத்தாழ அரைச் சம்பளம் என்ற ஏற்பாடு 2007 ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. அதை உடைக்க 2023இல் மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. பிறீமொன்ற் தொழிற்சாலையிலிருந்து 2009இல் ஜெனரல் மோட்டோர்ஸ் விலகியது. 2010 ஏப்ரலில் ரொயோட்டாவும் அதை மூடியது. அமெரிக்காவில் சங்கம் இருந்த ஒரேயொரு ரொயோட்டாத் தொழிற்சாலை அது. கட்டடத்தை ரெஸ்லா வாங்கியது. அங்கே சங்கம் இல்லை.

வின்சென்ற் சின் வழக்கில், கூட இருந்தவரைச் சமஷ்டி நீதிமன்றம் 1984இல் விடுவித்தது. மேற்பார்வையாளருக்கு அதே ஆண்டில் 25 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது தள்ளுபடியானது. 1987இல் நடந்த மறுவிசாரணையில் அவரும் விடுதலையானார். அந்த ஆண்டிலேயே சின்னின் தாயார் லிலி சின் அமெரிக்காவை விட்டுச் சீனாவுக்குத் திரும்பினார். கென்ரக்கியில் ரொயோட்டாவின் தொழிற்சாலை அப்போது எழுந்துகொண்டிருந்தது. மாநில அரசு நிலமும் சலுகையும் கொடுத்து அதை அழைத்திருந்தது.

2025 செப்ரெம்பரில் ஜோர்ஜியாவில் இன்னொரு கட்டுமானத் தளத்தில் குடிவரவுப் பொலிசார் புகுந்தனர். மின்சாரக் கார்களுக்கான பற்றரி தயாரிக்க ஹுண்டாயும் எல்ஜியும் கூட்டாக எழுப்பிய தொழிற்சாலை அது. மாநில அரசு பெருமையுடன் வரவேற்ற முதலீடு. 475 பேர் கைதானார்கள். முந்நூறுக்கு மேற்பட்டோர் தென் கொரியர்கள். இயந்திரங்களைப் பொருத்த வந்தவர்களைச் சங்கிலியிட்டுப் பஸ்ஸில் ஏற்றினார்கள். தொழிற்சாலையை வரவேற்றவர்கள் எவரும் முதலீட்டைத் திருப்பி அனுப்பும்படி கேட்கவில்லை.