எடுக்கும்போது தெரியும் வாடகை

புத்தகக் கடையாகத் தொடங்கிப் பலசரக்குக் கடையாக விரிந்திருந்த அமேசான் நிறுவனம், தன் கணினிக் கிடங்கில் இடம் வேண்டுவோர் ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட் கொடுத்து, வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம் என்று 2006-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி அறிவித்தது. எஸ்3 என்ற அந்தச் சேவைதான் இன்று கிளவுட் என்று சகலரும் சொல்லும் பெரும் வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி. இப்போதோ அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூவரிடம் மட்டுமே சேமிப்புக்கென்றும் தரவுத்தளத்துக்கென்றும் ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள இயலாத அளவுக்குச் சேவைகள் பெருகிவிட்டன. விலைப்பட்டியல்களைப் புரட்டுகிறவர் சிறிது நேரத்தில் தலைசுற்றி, நண்பர் எதை வைத்திருக்கிறாரோ அதையே தாமும் வாங்கிவிடுகிறார். பட்டியலைத் தொடுவதற்கு முன்பே, வைக்கப்போகும் விஷயத்தைப் பிற்பாடு எத்தனை தடவை, எந்த விதத்தில், எவ்வளவு அவசரத்தில் எடுக்கப்போகிறோம் என்று ஒருவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்வாரானால், இந்த மயக்கத்தில் பெரும் பகுதி தெளிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இந்தச் சேவைகளுக்குள் இருக்கும் வேற்றுமையெல்லாம் வைக்கும் விதத்தில் இல்லை. எடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்டின் அஷூர் பிளாப் ஆகிய மூன்றும் ஓரினம். கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்து வில்லை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் இவற்றுக்கும் அதிக வித்தியாசமில்லை. வில்லையைக் காட்டினால் கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வரும். ஆனால், 'கறுப்பு வார் வைத்த ஜோடிகளையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கொடுங்கள்' என்று கேட்டால் அங்கே இருப்பவர் விழிப்பார். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்ற சிரத்தை இக்கிடங்குகளுக்குக் கிடையாது. நடுவே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் பொதுவாக முழுக் கோப்பையும் மறுபடி எழுதியாக வேண்டும். புகைப்படம், வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரம், பழைய கணக்குகளின் நகல் முதலியவற்றுக்கு இதைவிடச் சிலாக்கியமான இடம் இல்லை. ஒரு கோடிக் கோப்புகளை வைத்தவர் சராசரியாகப் பதினாயிரம் ஆண்டுக்கு ஒன்றை இழக்க நேரலாம் என்று அமேசான் தன் எஸ்3-க்குக் கணக்குச் சொல்கிறது. கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. எனினும் அது வட்டுகள் பழுதாவதிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு மட்டுமே. கோப்புக்கு உரியவரே கைதவறி அழித்துவிட்டால், பழைய பதிப்புகளைக் காப்பாற்றி வைக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாலன்றி, அந்த அழிப்பையும் கிடங்கு பரம விசுவாசத்தோடு நிறைவேற்றிவிடும்.

வாடகை விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவரிடம் பல வருஷத்துப் படங்களும் வீடியோக்களுமாக 10 டிபி சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ்3-இன் சாதாரண வகுப்பில் அமெரிக்க விலை ஜிபிக்கு மாதம் 2.3 சென்ட், ஆக மாதம் ஏறக்குறைய 230 டாலர். அதே நிறுவனத்தின் கிளேசியர் டீப் ஆர்கைவ் என்ற ஆழ்கிடங்கில் வைத்தாலோ மாதம் சுமார் 10 டாலர்தான். இருபத்துமூன்றில் ஒரு பங்கு! நிபந்தனைகள் பிறகுதான் கண்ணில் படும். அங்கே வைத்ததைக் கேட்டால் கைக்கு வர வழக்கமான முறையில் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகும். வைத்த 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் வாடகையைக் கொடுத்தே தீர வேண்டும். மீட்பதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. மீட்டதை இணையத்தின் வழியே வெளியே கொண்டுவர ஜிபிக்கு 9 சென்ட் வரை சுங்கம் உண்டு. அந்த 10 டிபியையும் ஒருசேர வெளியே எடுக்க நேர்ந்தால் சுங்கம் மட்டுமே சுமார் 900 டாலர். அதாவது தொண்ணூறு மாத வாடகை. ஏழரை வருஷம் என்பது தற்செயலாக அமைந்த கணக்குத்தான் என்றாலும், நம்மவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. இதற்கு நேர்மாறாக, கிளவுட்ஃபிளேரின் ஆர்2 சேவையில் வாடகை ஜிபிக்கு 1.5 சென்ட், வெளியே எடுக்கச் சுங்கமே கிடையாது. ஆகவே வாடிக்கையாளர்கள் தினந்தோறும் இறக்கிப் பார்க்கும் படங்களுக்கு ஆர்2-உம், ஆல்பம் கொடுத்து முடிந்தபின் 'என்றைக்காவது கேட்டால்' என்று வைத்திருக்கும் மூலப் படங்களுக்கு ஆழ்கிடங்குமாகப் பிரித்துக்கொள்வதே அவருக்கு உசிதம்.

வீட்டு உபயோகத்துக்கான கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் முதலியவற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்தே என்பது பலர் கவனத்தில் தங்குவதில்லை. மேலும் இவை கணினியிலுள்ள கோப்புறையைக் கண்ணாடிபோல் பிரதிபலிப்பவை. ஓரிடத்தில் அழித்தது மற்ற இடங்களிலும் அழிந்துபோகும், குப்பைக்கூடையில் 30 நாள் கிடப்பதோடு சரி.

இனித் தரவுத்தளங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோஸே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட், விவரங்களை வரிசையும் பத்தியுமாக அட்டவணைகளில் வைத்து, எது வேண்டும் என்று மட்டும் மனிதன் சொன்னால் அதைத் தேடும் வழியை இயந்திரமே கண்டுகொள்ளும்படி செய்யலாம் என்று 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த பரம்பரைதான் ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாம். இந்தப் பரம்பரையின் உண்மையான பலத்தை அறிய வேண்டுமானால் காலை பத்து மணிக்குத் தட்கல் திறக்கும் கணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரே பெர்த்துக்கு மதுரையிலிருந்து ஒருவரும் சேலத்திலிருந்து ஒருவரும் ஒரே விநாடியில் பணம் கட்டும்போது, ஒருவருக்குத்தான் அது கிடைக்க வேண்டும். கிடைக்காதவருடைய பணம் நடுவழியில் தொங்கக் கூடாது. இடையில் மின்சாரமே நின்றுபோனாலும் பாதி எழுதிய கணக்கு என்று ஒன்று மிஞ்சக் கூடாது. இந்த உத்தரவாதத்தை ஒரு பரிவர்த்தனைக்குள் அடக்கித் தருவதே உறவுமுறைத் தரவுத்தளம் எனப்படும் இந்தப் பரம்பரையின் தர்மம்.

இதை நாமே நிறுவிப் பராமரிப்பது சிரமம் என்பதால் 2009-இல் அமேசான் ஆர்டிஎஸ் என்ற சேவையைத் தொடங்கியது. கூகுளிடமும் மைக்ரோசாஃப்டிடமும் அதற்கு ஒப்பானவை உண்டு. தினசரி நகல் எடுப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, கேட்டுக்கொண்டால் வேறொரு கட்டடத்தில் மாற்று இயந்திரத்தைத் தயாராக நிறுத்தி வைப்பது ஆகிய உபகாரங்களுக்காகவே இங்கே பணம் போகிறது. அந்த இயந்திரம் இரவில் சும்மா இருக்கும் நேரத்துக்கும் வாடகை உண்டு.

அமேசானுக்கே இந்தப் பரம்பரை போதாமல் போன கதை சுவாரசியமானது. தங்கள் தரவுத்தளங்கள் எவ்விதமாக உபயோகிக்கப்படுகின்றன என்று அந்நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 70 சதவீத வேலை, ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து ஒரே ஒரு வரியைக் கேட்பதாகவே இருந்தது. மேலும் 20 சதவீதம் பல வரிகளைக் கேட்டாலும் ஒரே அட்டவணைக்குள் அடங்கிவிட்டது. அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் அந்தப் பிரசித்தமான சக்தி பெரும்பாலும் வீணாகவே கிடந்தது. அதைக் கைவிட்டு வேகத்தையும் விஸ்தாரத்தையும் மட்டும் பிடித்துக்கொண்ட ஏற்பாட்டை 2007-இல் டைனமோ என்ற ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டு, 2012 ஜனவரியில் டைனமோடிபி என்ற சேவையாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கோடிப்பேர் ஒரே நேரத்தில் கூடையைத் திறந்தாலும் அது அசையாது. ஆனால் என்னென்ன கேள்விகள் கேட்கப்போகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துக்கொண்டு அதற்கேற்ப விவரங்களை அமைக்க வேண்டும். பின்னொரு நாள் முதலாளி வந்து, 'சென்ற தீபாவளிக்கு வாங்கிப் பொங்கலுக்கு வராதவர்கள் யார்?' என்று கேட்டால், அதற்கென்று வழி செய்து வைத்திராதவர் முழு அட்டவணையையும் வாசித்துத்தான் ஆக வேண்டும். வாசிப்புக்குத் தகுந்தபடி பில்லும் வரும்.

அப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே அமைந்தது கூகுளின் பிக்குவெரி. பல டிபி விற்பனை விவரத்தைச் சில விநாடிகளில் அலசிவிடும் அந்தச் சேவை, விவரங்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து வைத்து, வாசித்த அளவுக்குக் கட்டணம் வாங்குகிறது. பழகாதவர்கள் இங்கே ஏமாறும் இடம் ஒன்றுண்டு. எல்லாப் பத்திகளையும் கேட்டுவிட்டு, 'பத்து வரி மட்டும் காட்டு' என்று ஆணையிட்டால் திரையில் பத்து வரிதான் வரும். ஆயினும் சாதாரணமாக முழு அட்டவணையையும் வாசித்ததாகவே கணக்கில் ஏறும். வேண்டிய இரண்டு பத்திகளின் பெயரை மட்டும் எழுதுகிறவருக்குச் செலவு பன்மடங்கு குறைந்துவிடும்.

சிறு மருத்துவப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறவருக்கோ பள்ளிக்கோ இத்தனையும் வேண்டியதில்லை. நோயாளியின் எண்ணும் தேதியும் முடிவும் போஸ்ட்கிரெஸில் இருக்கட்டும். ஸ்கேன் படமோ எஸ்3 போன்ற கிடங்கில் இருந்து, அதன் முகவரி மட்டும் அட்டவணையில் ஒரு பத்தியாக இருக்கட்டும். படத்தையே அட்டவணைக்குள் திணிப்பவர்கள், மலிவான இடத்தில் கிடக்க வேண்டிய பாரத்தை விலையுயர்ந்த இடத்தில் சுமக்கிறார்கள். ஒரே கணினியில் கணக்கெழுதும் கடைக்கு, நம் கைபேசிகளுக்குள் சந்தடியில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட்டே தாராளம். இதைச் சொல்ல விற்பனைப் பிரதிநிதி ஒருவரும் வரமாட்டார்.

எந்த இடத்தில் வைத்தாலும், நகலை ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பார்த்தல் அவசியம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி மென்பொருள் நிறுவனமான கிட்லாபின் பொறியாளர் ஒருவர், துணை இயந்திரம் என்று எண்ணிப் பிரதான இயந்திரத்தின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் எஞ்சியது. எஸ்3-இல் இருப்பதாக நம்பிய நகல்களைத் தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. நகலெடுக்கும் கருவி பதிப்பு பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்றுதான் அவர்களைக் கரையேற்றியது. இத்தனையையும் அந்நிறுவனத்தார் ஒளிக்காமல் தாமே எழுதி வெளியிட்டார்கள்.

ஒரு நிறுவனத்தை விட்டு அடியோடு விலகுகிறவரிடம் சுங்கம் வாங்குவதில்லை என்று 2024-இன் முதல் சில மாதங்களில் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் அடுத்தடுத்து அறிவித்தன. ஆனால் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது சுங்கம் மட்டுமல்லவே. எஸ்3-இன் பாஷையைப் போட்டியாளர்கள் பலரும் பேசுகிறார்கள். ஆதலால் கோப்புகளை இடம் மாற்றுவது அத்தனை கடினமில்லை. போஸ்ட்கிரெஸில் இருப்பதை எந்த நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸுக்கும், சொந்த அறையிலுள்ள கணினிக்கும்கூடக் கொண்டுபோகலாம். டைனமோடிபிக்கென்று கேள்விகளை வகுத்து நிரல் எழுதியவரோ, விவரங்களைச் சுங்கமின்றி எடுத்துக்கொண்டு வெளியேறிய பின்னும், அந்த நிரலின் பெரும் பகுதியைப் புதிதாக எழுதியாக வேண்டும். அதற்கு ஆகும் மாதங்களும் சம்பளமும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.