வானத்தருகே ஒரு பட்டணம்

தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா தேசத்துக்குப் பிரயாணம் செய்ய உத்தேசிக்கும் நேயர்கள் மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தை அறிந்துகொள்வது நலம். லா பாஸ் பட்டணத்தின் விமான நிலையம் சுமார் 13,300 அடி உயரத்தில் இருக்கிறது. நமது தொட்டபெட்டா சிகரமே 8,650 அடிதான்! இறங்கியதும் தலை கனக்கும். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். இதற்கு அவ்வூரார் வைத்த பெயர் 'சொரோச்சே.' வாலிபர்கள் மார் தட்டவேண்டாம். தேக பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டு நாள் மெதுவாக நடந்து, இரவில் குறைவாக உண்டு, மதுவைத் தொடாதிருந்தால் பெரும்பாலோர்க்குச் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலும், நடை தள்ளாடினாலும் தாமதியாமல் தாழ்ந்த பிரதேசத்துக்கு இறங்கிவிடவேண்டும். இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் புறப்படுவது விபரீதம்.

சந்தையில் நம் பெண்மணிகளுக்குப் பொழுது போவதே தெரியாது. பல அடுக்குப் பாவாடையும், தலையில் வட்டத் தொப்பியுமாய் அமர்ந்திருக்கும் ஸ்திரீகளே அங்கே வியாபாரிகள். அவர்களைக் 'கசேரா' என்று உரிமையோடு அழைத்து, வாங்கி முடித்தபின் 'யாப்பா' கேட்கலாம். யாப்பா என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கொசுறுதான்! ஆனால் அனுமதியின்றிப் படம் பிடித்தால் முகம் சுளிப்பார்கள். அது நியாயமே. 1952-ம் வருஷம் வரையில் இந்தப் பூர்வ குடிகளில் எழுத்தறியாதவர்களுக்கு வோட்டுரிமைகூடக் கிடையாது. பிறருடைய வேடிக்கைப் பொருளாயிருந்து அலுத்தவர்கள் அவர்கள்.

பானம் அருந்துமுன் சில துளிகளைத் தரையில் சிந்துவார்கள். அது 'பச்சமாமா' என்னும் பூமித்தாய்க்கு. நாமும் அவ்வாறே செய்தால் மகிழ்வார்கள்.

பொட்டோசியில் வெள்ளிமலை ஒன்றுண்டு. 1545-ல் ஸ்பானியர் அங்கே வெள்ளி கண்டது முதல், பூர்வ குடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்து அதைக் குடைந்தார்கள். 1825-ல் தேசம் விடுதலை பெற்றும் சுரங்கவேலை ஓயவில்லை. இன்றும் ஏழைகள் அதனுள் இறங்குகிறார்கள். பிரயாணிகளையும் கட்டணம் வாங்கி அழைத்துச் செல்வதுண்டு. போகிறவர்கள் தொழிலாளிகளுக்குக் கோக்கா இலை கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். பிறர் இடுப்பொடியப் பாடுபடுவதைக் காட்சியாகப் பார்ப்பதில் நமக்குச் சம்மதமில்லை. ஊரிலுள்ள பழைய நாணயசாலையே அந்தக் கதையைச் சொல்லப் போதும்.

கோக்கா இலை அங்கே நம் வெற்றிலையைப் போல மரியாதைக்குரியது. அதன் கஷாயத்தை உபசாரமாகக் கொடுப்பார்கள். ஆனால் திரும்பும்போது ஓர் இலைகூடச் சட்டைப்பையில் இருக்கலாகாது. நம் நாட்டில் அது சட்டவிரோதம். மஞ்சள் ஜுரத் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு, அதன் அத்தாட்சியைப் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பி வருகையில் நமது அதிகாரிகளே அதைக் கேட்பார்கள்.