ஒரே கிட்டாரில் மூன்று குரல்

சித்தூரிலும் திருப்பதியிலும் மெல்லிசைக் கச்சேரி என்றால் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் மாறி மாறி வரும். 'இளைய நிலா' கேட்டு மேடைக்குச் சீட்டு வரும். அது முடிந்த கையோடு ஒரு தெலுங்குக் குத்துப்பாட்டு. முதல் பாட்டுக்கு அக்கூஸ்டிக் கிட்டாரின் தெளிந்த நாதம் வேண்டும். அடுத்ததற்கு எலக்ட்ரிக் கிட்டாரின் சீற்றம். அன்றைக்குப் புல்லாங்குழல்காரர் வராமல் போனால், அவர் வாசிக்க வேண்டிய இடமும் கிட்டார்காரர் தலையில்தான் விழும்.

இந்த மேடை மரபு சாதாரணமானது அல்ல. காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் படித்த எஸ்.பி. பாலசுப்ரமணியம், சினிமாவில் பெயர் பெறும் முன் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா கிட்டார் வாசித்திருக்கிறார். கங்கை அமரனும் வாசித்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு கிட்டார் ஒரு குரலில்தான் பேசும். இன்றைக்கு ஒரே கிட்டார் மூன்று குரலில் பேசுகிறது. கனடாவின் கோடின் நிறுவனத்தின் எக்ஸ்டிஎஸ்ஏ என்ற மாடல் இதற்கு நல்ல உதாரணம்.

முதல் குரல் எல்லோருக்கும் தெரிந்த காந்த பிக்கப். காந்தத்தின் மேல் முடியளவு செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அது தந்தியின் அசைவை மட்டுமே கேட்கும். மரத்தின் முனகல் அதன் காதில் அவ்வளவாக விழாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது இரண்டாவது குரலான பீசோ. தந்தி உட்காரும் பிரிட்ஜில் சிறு படிகங்களைப் பொருத்தியிருப்பார்கள். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்கள் இவை; 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த தன்மை. சமையலறையில் கேஸ் லைட்டரை 'டிக்' என்று அழுத்தும்போது பொறி பறப்பதும் இதனால்தான். தந்தியின் அதிர்வு பிரிட்ஜை அழுத்த, அக்கூஸ்டிக் சாயலில் ஒலி கிடைக்கிறது. படிகத்திலிருந்து நேரே வரும் ஒலி கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். கிட்டாருக்குள்ளேயே இருக்கும் ப்ரீஆம்ப் அதைப் பதப்படுத்துகிறது. மேடையில் இதன் பெரிய லாபம் வேறு. உள்ளே வெற்றிடமுள்ள அக்கூஸ்டிக் கிட்டார், மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தத்துக்குத் தானும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும். கட்டையான உடம்புள்ள இந்தக் கிட்டார் பெரும்பாலும் அந்த வம்பு செய்வதில்லை.

மூன்றாவதுதான் சிந்தசைசர். ஆறு தந்திக்கும் தனித்தனி பிக்கப். ஆறு ஒலிகளும் 13 முள் உள்ள ஒரே கேபிளில் வெளியே போகும். மறுமுனையில் உள்ள பெட்டி ஒவ்வொரு தந்தியும் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று அளந்து, அதே சுரத்தைக் குழலாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்கிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1977-ல் கொண்டுவந்த ஜிஆர்-500 இந்த வழியில் முன்னோடி.

அளப்பதற்கு நேரம் பிடிக்கும். கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வு முடியவே 12 மில்லி வினாடி ஆகும். மெல்லிய தந்திக்கு 330 அதிர்வு, 3 மில்லி வினாடி போதும். ஒரு முழு அதிர்வையாவது பார்த்தால்தான் பெட்டிக்குச் சுரம் பிடிபடும் என்பதால், தடித்த தந்தியில் வாசித்தால் குழல் ஒலி தாளத்துக்குப் பின்தங்கும். சிந்தசைசர் இசையை மெல்லிய தந்திகளில் வாசிப்பதே நல்லது.

நம் சங்கீதத்துக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. கீபோர்டில் சுரங்கள் படிக்கட்டாக நிற்கின்றன. கமகத்துக்கு ஒரு சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும். கிட்டாரில் விரல் தந்தியை இழுத்தாலே சுரம் வழுக்கிக்கொண்டு போகிறது. மேற்கு கோதாவரி மாவட்டத்துப் பாலகொல்லில் 1969-ல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினை மின்கருவியாக்கி, ஐந்து தந்தியோடு கர்நாடக மேடையில் உட்கார்ந்து இதைக் காட்டினார். எலக்ட்ரிக் கிட்டாரில் கீர்த்தனை வாசிக்கும் பிரசன்னா ராணிப்பேட்டைக்காரர்.

கிட்டாரையும் சிந்தசைசரையும் நம் இசையோடு சேர்த்தவர்களில் முக்கியமானவர் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின். வீணை கற்றவர், 'சக்தி' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2007-ல் சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஏஎம் ஸ்டூடியோவில் அவர் பதிவு செய்த 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' ஆல்பத்தில் கிட்டார் சிந்தசைசர் ஒலிக்கிறது. ஸ்ரீநிவாஸின் தம்பி யு. ராஜேஷின் மாண்டலினும் அதில் உண்டு. சக்தி குழுவின் 'திஸ் மொமெண்ட்' ஆல்பம் 2024-ல் கிராமி விருது பெற்றது.

ஆனால் கமகம் தானாக வந்துவிடாது. பல சிந்தசைசர்கள் சுர வளைவை இரண்டு அரைச்சுரத்தோடு நிறுத்திக்கொள்ளும். தோடிக் காந்தாரத்தை ரிஷபத்தில் மீட்டி மத்யமம் வரை இழுத்தால் நான்கு அரைச்சுரம். அந்த எல்லையை 12-க்கோ 24-க்கோ உயர்த்தி, தந்திக்கு ஒரு சேனல் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் தந்தி ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமும் போகும்.

மேடைக் கலைஞர்களுக்கு முதல் தேவை பீசோ உள்ள கிட்டார்தான். ஒரு கச்சேரியின் பாதிப் பாட்டுக்கு அது உழைக்கும். 13 முள் வசதி அந்தக் கிட்டாரிலேயே இருந்தால் சிந்தசைசர் பெட்டியைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கப் போகும்போது கடைக்காரர் போட்டுக்காட்டும் ஒலிகளில் மயங்கிவிடாதீர்கள். கிட்டாரைக் கையில் வாங்கி, அந்தத் தோடிக் காந்தாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்; அது சரியாக வந்த பிறகு விலை பேசுங்கள்.