ஊர் வாய்மூடும்போது பேசும் சாட்சி

2015 ஜூன் 23. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன் தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில், தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவரது உடல் கிடந்தது. உடையில் ஒரு தற்கொலைக் கடிதமும் இருந்தது. தலித் இளைஞர், ஆதிக்க சாதிப் பெண்ணுடன் நட்பு, தண்டவாளம், கடிதம். 'தற்கொலை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட எல்லாம் தயாராக இருந்தன.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது முக்கிய சாட்சியான அந்தத் தோழி பிறழ் சாட்சியானார். பிறகு உயர் நீதிமன்றமே அழைத்து கேமரா பதிவைக் காட்டிக் கேட்டபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். ஆனாலும் 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

நேரில் இருந்தவர் பேசாத வழக்கில் தண்டனை எப்படிச் சாத்தியமானது? கோயில் கண்காணிப்பு கேமராவின் பதிவுகளும், மருத்துவச் சான்றும், தொழில்நுட்பச் சான்றும் சேர்ந்து பேசின. கேமராக்கள் எங்கே இருந்தன, எதைப் பார்க்க முடியும் என்பதை அறிய மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகளும் 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள்.

வன்கொடுமை வழக்குகளில் ஊர் பயப்படும், உறவு பின்வாங்கும், கூலிக்குப் போகிற இடத்தில் நெருக்கடி வரும். சாட்சி சொன்னவரே மாற்றிச் சொல்வார். அப்போது வழக்கைத் தாங்கி நிற்பது நிபுணர் சாட்சி. அது யார், எப்படி வருகிறது, அதை நாம் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

நிபுணர் சாட்சி என்றால் யார்?

சாதாரண சாட்சி, தான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்லலாம். "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று கருத்துச் சொல்ல அவருக்கு இடமில்லை. அந்த விதிக்கு விலக்குப் பெற்றவர் நிபுணர். 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இது 39-வது பிரிவு. அறிவியல், கலை, அயல்நாட்டுச் சட்டம், கையெழுத்து, விரல்ரேகை என்று இருந்த பட்டியலோடு 'வேறு எந்தத் துறையும்' என்ற சொற்களைப் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது.

நிபுணர் சொல்வது தீர்ப்பல்ல, கருத்து. ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் பொறுப்பு. இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்கள் தொடர்பான ஒரு வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: முடிவை மட்டும் சொன்னால் போதாது, எந்த ஆய்வின் அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நிபுணர் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பட்டமும் பதவியும் மட்டுமே ஒருவரின் சொல்லைச் சான்றாக்கிவிடாது.

மருத்துவர் முதல் சர்வேயர் வரை

நம் மக்களின் வழக்குகளில் முதலில் வரும் நிபுணர் அரசு மருத்துவமனை மருத்துவர். அடிபட்டுப் போகிறவரின் காயங்களை அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அதைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறோம். எத்தனை பேர் அடித்தார்கள், எதனால், எப்போது என்று காயம்பட்டவர் சொல்வதும் அதில் பதிவாகும். 'கீழே விழுந்துவிட்டேன்' என்று பயத்தில் சொன்னால் அதுவும் பதிவாகும். பிறகு எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் கையில் அது ஆயுதமாகும். காயம் சாதாரணமானதா கொடுங்காயமா என்று மருத்துவர் தரும் சான்றைப் பொறுத்தே குற்றப் பிரிவு மாறுகிறது. கொலை வழக்கில் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி வழங்கப்படும் நிவாரணத்தின் முதல் பாதியும் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே வர வேண்டியது.

அடுத்து தடய அறிவியல் துறை. 1849-ல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் வழிவந்தது தமிழ்நாட்டின் இந்தத் துறை. ரத்தம், விஷம், துப்பாக்கிக் குண்டு, டி.என்.ஏ., ஆவணம் எல்லாம் இங்கே ஆய்வுக்குப் போகின்றன. தற்கொலைக் கடிதம் என்று ஒரு தாள் நீட்டப்படும்போது, அது யார் கையெழுத்து என்று ஒப்பிட்டுச் சொல்பவர் ஆவண நிபுணர்.

நில வழக்குகளில் நில அளவையர். 1892-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் உள்ளன என்ற கேள்விக்கு, ஊர்ப் பெரியவர்களின் நினைவு மட்டும் போதாது. 'அ' பதிவேடும் புல வரைபடமும் வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி, சர்வேயரின் துணையோடு நிலத்தை அளக்கக் கேட்கலாம்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சுத்திணறி இறப்பவர்களின் வழக்கில், நச்சு வாயுதான் காரணம் என்று சொல்லும் பிரேதப் பரிசோதனை அறிக்கை முக்கியம். இத்தகைய மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'மாரடைப்பு' என்று ஒரு வார்த்தை எழுதப்பட்டால் அந்தக் குடும்பம் அத்தனையையும் இழக்கும்.

பதினோரு நாள் தாமதம்

எவ்வளவு பெரிய ஆய்வகமாக இருந்தாலும், தன்னிடம் வந்த பொருளைத்தான் அது ஆராய முடியும். உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் 2020 செப்டம்பர் 14 அன்று 19 வயது தலித் பெண் தாக்கப்பட்டார். அவரது மாதிரிகள் ஆய்வகத்தை அடைந்தது செப்டம்பர் 25 அன்று, அதாவது பதினோரு நாள் கழித்து. அந்த ஆய்வில் விந்தணு இல்லை என்பதைக் காட்டி, வல்லுறவே நடக்கவில்லை என்று மாநிலக் காவல் துறை உயர் அதிகாரி பேசினார். காலம் கடந்து எடுத்த மாதிரியில் தடயம் கிடைக்காதது, குற்றம் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்று மருத்துவத் துறையினர் எடுத்துச் சொன்னார்கள். செப்டம்பர் 29 அன்று டெல்லி மருத்துவமனையில் அவர் இறந்தார். அன்று நள்ளிரவு கடந்து, குடும்பத்தாரை அருகே விடாமல் காவல் துறை உடலை எரித்தது. மறு பரிசோதனை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

கூட்டு வல்லுறவு, கொலை என்று சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் மூவரை விடுவித்து, ஒருவரை மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கும் வன்கொடுமைக்கும் தண்டித்தது.

தருமபுரியில் 2013 ஜூலையில் இளவரசனின் உடல் தண்டவாளத்தருகே கிடைத்தபோது, முதல் பரிசோதனையில் உறவினர்களுக்கு ஐயம் இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மறு பரிசோதனை செய்தார்கள். இந்த மரணம் குறித்து அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் தற்கொலை என்றே முடிவு சொன்னது. அந்த முடிவை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் மறு பரிசோதனை கேட்கும் வழி இருக்கிறது என்பதும், உடல் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும் என்பதும் அந்த வழக்கு நமக்குக் கற்றுத் தந்தவை.

அறிவியலையும் கேள்வி கேட்கலாம்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. டி.என்.ஏ. பரிசோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீசார், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். செல்போன்களில் இருந்து மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட படங்களும் உரையாடல்களும் ஆதாரமாகக் காட்டப்பட்டன. ஊர் மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கட்சிகளும் இதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கோரினார்கள்.

குற்றப்பத்திரிகையில் உள்ள அறிவியல் இன்னும் சோதிக்கப்படாத அறிவியல். அந்தத் தரவு எந்தக் கருவியில் இருந்து, யாரால், எப்படி எடுக்கப்பட்டது என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். மின்னணுப் பதிவு எதையும் சான்றாக வைக்க, சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 330-வது பிரிவின்படி, நிபுணரின் அறிக்கையை எந்தத் தரப்பும் மறுக்காவிட்டால் அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. சும்மா இருந்தால் அறிக்கை அப்படியே ஏறிவிடும். மறுப்பு இருந்தால் உரிய நேரத்தில் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

காயம்பட்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் பட்ட உடையைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், காயவைத்துத் தாளில் சுற்றி போலீசிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்க வேண்டும். கடை, கோயில், பேருந்து நிலையக் கேமராப் பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். எந்த இடத்துக் கேமரா என்று குறிப்பிட்டு, பதிவைக் கைப்பற்றச் சொல்லி முதல் நாளே மனு கொடுத்து, மனுவின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். மரணத்தில் ஐயம் இருந்தால் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கக் கேட்க வேண்டும். ஐயம் தீரும்வரை உடலை எரிக்கக் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15-ஏ பிரிவை ஒவ்வொரு சேரியிலும் ஒருவராவது படித்திருக்க வேண்டும். ஆவணத்தையும் பொருளையும் சாட்சியையும் வரவழைக்கும்படி சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்யும் உரிமையை, பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் அது தருகிறது. மருத்துவரையோ ஆய்வக அதிகாரியையோ அழைக்க அரசு வழக்கறிஞர் தயங்கினால், நாமே கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தடய அறிவியல், சட்ட மருத்துவம், நில அளவை, சைபர் ஆய்வு ஆகிய படிப்புகளுக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும். வழக்கறிஞராக வேண்டும் என்று சொல்லும் மாணவர்கள் நம் ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். அந்த வழக்கறிஞர் கையில் நிற்கும் அறிக்கையை எழுதுகிறவர்களும் நம் ஊர்களில் இருந்து வர வேண்டும். இந்த ஆண்டு பிளஸ் 2 அறிவியல் பிரிவு முடிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தத் துறைகளின் பெயரையும் சொல்லுங்கள்.