கரண்டியும் தோசைக்கல்லும்: ஒரு கேமராக் கணக்கு

நவம்பர் பிறந்தால் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் இரண்டு மூன்றாவது கேமரா பற்றியதாக இருக்கும். அமெரிக்காவில் அது தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடிக் காலம். கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "பையில் போட்டுக்கொள்கிற மாதிரி நல்ல சின்னக் கேமரா ஒன்று வாங்கலாமா, அல்லது லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராக்களில் விலை குறைந்த ஒன்றை வாங்கலாமா? இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. அப்படியென்றால் பெரியதையே வாங்கிவிடலாம், இல்லையா?"

கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். பெரிய சென்சார் என்றால் நல்ல படம் என்பது பொதுவாக உண்மை. ஆனால் மிரர்லெஸ் கேமராவை அதன் பெட்டியோடு வருகிற லென்ஸுடன் மட்டும் வைத்துக்கொண்டால், மங்கிய வெளிச்சத்தில் சின்னக் கேமரா அதை வென்றுவிடும். நண்பர்கள் யாரும் இதை முதலில் நம்புவதில்லை. ஆகவே கணக்கோடு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் தொழில்முறைப் படக்காரன் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன்.

முதலில் மிரர்லெஸ் என்றால் என்ன? பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். லென்ஸ் காண்பதை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் "டபக்" என்று விலகி வழிவிடும். சென்சாரே நேரடியாகத் திரைக்குக் காட்சியை அனுப்பத் தொடங்கிய பின் அந்தக் கண்ணாடிக்கு வேலை போய்விட்டது. 2008ல் பானாசானிக் ஜி1 வந்ததிலிருந்து கண்ணாடியைக் கழற்றியெறிந்த இவ்வகைக் கேமராக்கள் பெருகின. கானனின் பழைய இ.எஃப். லென்ஸ்கள் சென்சாருக்கு 44 மி.மீ. முன்னால் உட்காரும், மிரர்லெஸ் ஆர்.எஃப். வரிசையில் அந்த இடைவெளி 20 மி.மீ. தான். உடம்பு இளைத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இதைத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறேன். "கண்ணாடி இல்லாத கேமரா" என்றால் லென்ஸும் கண்ணாடிதானே என்பார்கள். "ஆடியற்ற கேமரா" என்றால் ஆடித் தள்ளுபடி கிடையாத கேமரா என்று புரிந்துகொள்ளும் அபாயம் உண்டு. மிரர்லெஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

சின்னக் கேமராக்களின் கதை வேறு. லென்ஸ் மாற்ற முடியாத கேமராக்களை ஜப்பானியக் கம்பெனிகள் 2010ல் 10 கோடிக்கு மேல் அனுப்பின; 2023ல் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைபேசி விழுங்கிவிட்டது. அசையாத பொருளைக் கைபேசி பல படங்களாக எடுத்து ஒன்றாக்கி அசத்திவிடுகிறது. ஆடுகிற குழந்தையிடம் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். அதனால்தான் இன்னும் கேமரா வாங்குகிறார்கள். பிழைத்திருக்கும் சின்னக் கேமராக்களில் நல்லவை பெரும்பாலும் "ஒரு அங்குல" சென்சார் கொண்டவை. சோனி 2012ல் ஆர்.எக்ஸ்.100 மூலம் தொடங்கி வைத்த வகை.

ஒப்பிட ஒரே கம்பெனியின் இரண்டை எடுத்துக்கொள்கிறேன், ரசிகர் மன்றச் சண்டை வேண்டாம். சின்னது: கானன் ஜி7 எக்ஸ் மார்க் 3. 2019ல் வந்தது, அறிமுக விலை 749 டாலர், எடை 304 கிராம். பெரியது: கானன் ஆர்50. 2023ல் வந்தது, 18-45 லென்ஸோடு அறிமுக விலை 799 டாலர், லென்ஸும் சேர்த்து எடை 500 கிராம் சொச்சம். சின்னதில் 20 மெகாபிக்சல், பெரியதில் 24; இந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம்.

ஒரு அங்குல சென்சார் என்றதும் அளவுகோலை எடுக்காதீர்கள். உண்மை அளவு 13.2க்கு 8.8 மி.மீ. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.யைத் தொடாது. பழைய டெலிவிஷன் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பேர் சொல்லும் வழக்கம் அப்படியே தொடர்கிறது. சென்னையில் ஃபிளாட் விற்பவர்கள் "சூப்பர் பில்ட்-அப் ஏரியா" சொல்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்50ன் ஏ.பி.எஸ்-சி சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ. பரப்பளவில் சின்னதைப் போல 2.9 மடங்கு. இந்த எண்ணைக் கேட்டதும் பெரியதை வாங்கத் தோன்றுவது நியாயமே.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். சென்சாரைத் தோசைக்கல் என்று வையுங்கள். வெளிச்சம் மாவு. எவ்வளவு மாவு விழும் என்பதைத் தீர்மானிப்பது கல் அல்ல, கரண்டி. கேமராவில் கரண்டி என்பது லென்ஸின் துளை. ஒரே கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் ஊத்தப்பம். பெரிய கல்லில் இழுத்தால் காகிதத் தோசை. தின்றது ஒரே அளவு மாவுதான்.

மாவின் அளவு ஏன் முக்கியம்? வெளிச்சம் ஃபோட்டான் ஃபோட்டானாக, மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் விழுகிறது. ஓரிடத்தில் சராசரியாக 100 ஃபோட்டான் விழவேண்டுமென்றால் ஒரு தடவை 90 விழும், ஒரு தடவை 110 விழும். வித்தியாசம் சராசரியின் வர்க்கமூலம்: 100க்கு 10, அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் வித்தியாசம் 100. ஒரே ஒரு சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலத் தெரிகிறதே, பெருமளவு அது இந்த வித்தியாசம்தான். இரண்டு படங்களையும் ஒரே அளவில் பார்க்கும்போது, மொத்தமாக எதற்கு அதிக ஃபோட்டான் கிடைத்ததோ அது சுத்தமாக இருக்கும். சென்சார் நுட்பத்தால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்.

லென்ஸில் எஃப் 2.8, எஃப் 6.3 என்று எழுதியிருப்பது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வந்துவிடும். ஆர்50ன் 18-45 லென்ஸ், 45 மி.மீ.யில் எஃப் 6.3. துளை 7.1 மி.மீ. ஜி7 எக்ஸில் அதே அளவு காட்சி தெரிய சுமார் 26.4 மி.மீ. போதும் (சென்சார் சின்னதல்லவா). அங்கே துளை எஃப் 2.8, அதாவது 9.4 மி.மீ. விட்டங்களை வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள். சின்னக் கேமராவுக்குள் ஏறக்குறைய 1.7 மடங்கு வெளிச்சம் போகிறது! பெரிய தோசைக்கல்லை வாங்கிக் கொடுத்துவிட்டு, கூடவே காபிக் கரண்டியைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நம் ஊர்க்காரர்கள் கேமரா வாங்கும் காரணங்களில் முக்கியமானது பெண்ணின் நடன நிகழ்ச்சி அல்லது தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. பள்ளிக்கூட அரங்கம், மஞ்சள் விளக்கு, மேடையில் ஜதிக்கு ஜதி தாவும் குழந்தை. கை கால் கலையாமல் நிற்க 1/250 விநாடி ஷட்டர் வேண்டும். எஃப் 2.8ல் அதற்கு ஐ.எஸ்.ஓ. 1600 போதும் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 6.3ல் அதே படத்துக்கு ஐ.எஸ்.ஓ. 8000 தேவைப்படும், ஐந்து மடங்கு. பெரிய சென்சார் 2.9 மடங்கைத் திருப்பித் தருகிறது, மீதி 1.7 மடங்கு நஷ்டம். வேறு வழியில் போட்டாலும் அதே விடைதான்.

வெயிலில் கதை மாறும். அங்கே மாவுக்குப் பஞ்சமில்லை. கல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. தஞ்சைப் பெரிய கோவிலில் மதியம் ஒரு மணிக்கு, வெள்ளை வெயிலும் சுற்று மண்டபத்து இருட்டும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் பெரிய சென்சார் நிஜமாகவே கைகொடுக்கும். வானம் வெளுக்காமல் எடுத்து, பிறகு கணினியில் நிழலைத் தூக்கினால் தூண் சிற்பம் தெரியும். சின்னதில் அதே இடம் சீக்கிரம் சொரசொரக்கும். ஆனால் கணினியில் உட்கார்ந்து நிழலைத் தூக்குபவர் எத்தனை பேர்? எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் நண்பர்களில் ஒருவர்.

அப்படியென்றால் மிரர்லெஸ் வீணா? இல்லை. அது கரண்டியை மாற்றிக்கொள்ளலாம். 2020ல் 199 டாலருக்கு வந்த ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம்தான். துளை 28 மி.மீ. சென்சாரில் விழும் வெளிச்சம் எஃப் 6.3ஐப் போல 12 மடங்கு. ஐ.எஸ்.ஓ. 8000 என்றிருந்தது 650க்கு வந்துவிடும். சின்னக் கேமரா இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. கல்யாண ஆல்பங்களில் முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரைந்து போகிறதே, அதுவும் இதே பெரிய துளையின் உபயம். கையாட்டத்தைச் சரிக்கட்டும் வசதி இந்த லென்ஸிலும் கிடையாது, ஆர்50 உடம்பிலும் கிடையாது. காட்சியும் குறுகலானது, அப்பார்ட்மெண்ட் ஹாலில் தாத்தா பாட்டியோடு எட்டுப் பேரை அடக்க முடியாது. அதற்கு 28 மி.மீ. எஃப் 2.8 என்று 120 கிராமில் தட்டையான லென்ஸ் 2023ல் வந்தது, அறிமுக விலை 299 டாலர்.

ஆகவே நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா? "பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் சின்னதைச் சிபாரிசு செய்கிறேன். "வாங்குவேன்" என்றால் மிரர்லெஸ். முடிந்தால் பெட்டி லென்ஸே இல்லாமல் உடம்பை மட்டும் வாங்கி, மிச்சக் காசில் 50 மி.மீ. போடச் சொல்கிறேன்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று ஃபோகஸ். ஜி7 எக்ஸ் மார்க் 3 முகவரி தெரியாத ஆட்டோக்காரரைப் போல ஃபோகஸ் செய்யும். வீட்டைத் தாண்டிப் போய், "அடடா, தாண்டிட்டோம் சார்" என்று திரும்பி வரும். படத்தின் தெளிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கும் முறை அது. ஆர்50ன் சென்சார் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டு பாதிகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு போகவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆடுகிற, ஓடுகிற குழந்தைக்கு இது வெளிச்சத்துக்கு இணையான விஷயம். மேடை நடனத்துக்கு மட்டும்தான் கேமரா என்றால், பெட்டி லென்ஸோடுகூட ஆர்50 பக்கமே சாய்வேன். சின்னதிலேயே இந்த வசதி வேண்டுமென்றால் சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 7 உண்டு. 2019ல் அதன் அறிமுக விலையே 1200 டாலர்.

எண்ணில் வராத விஷயம் இன்னொன்று. என் வீட்டில் இரண்டு வகையும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது நீண்ட மூக்கோடு கறுப்புக் கேமராவை எடுத்தால் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இருப்பா, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்" என்பார். வந்து சுவரோரம் அட்டென்ஷனில் நிற்பார். பாஸ்போர்ட் ஆபீசில் எடுத்தது போல ஒரு படம் கிடைக்கும். சின்னக் கேமராவை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அது "அந்த டப்பா". டப்பா கையில் இருக்கும்போது அவர்பாட்டுக்குக் காபி ஆற்றுவார், பக்கத்து வீட்டுக் கதை சொல்வார், பாதியில் சிரிப்பார். வருஷத்துக்கு மூன்று வாரம்தான் எனக்கு அந்தச் சமையலறை. அங்கே ஒரே ஒரு டியூப் லைட். அந்தப் படங்களில் மணல் தூவியிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டியூப் லைட் என்றதும் ஒரு சின்ன யோசனை. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/250ல் நாலு படம் எடுத்தால் நாலும் வெவ்வேறு நிறத்தில் வரும். ஷட்டரை 1/100 அல்லது 1/50ல் வையுங்கள். அமெரிக்காவில் 60 சுழற்சி என்பதால் அங்கே 1/125 அல்லது 1/60.

பராமரிப்பில் இரண்டுக்கும் தலைவலி உண்டு. மிரர்லெஸ்ஸில் லென்ஸ் கழற்றும்போது தூசு சென்சாரில் உட்காரும்; காற்று ஊதிச் சுத்தம் செய்யலாம், கஷ்டமில்லை. சின்னக் கேமராவில் லென்ஸ் உள்ளே வெளியே நீண்டு சுருங்குவதால் தூசை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். நாமாகத் திறந்து துடைக்க வழியில்லை. கடற்கரை மணல் ஒன்று அதன் பல்சக்கரத்தில் மாட்டினால் அநேகமாகக் கதை முடிந்தது. மெரினாவுக்கு எடுத்துப் போனால் ஜிப்-லாக் பையில் போட்டு வையுங்கள். சென்னை ஈரப்பதத்தில் இரண்டுக்குமே பூஞ்சை வரும். தோல் உறையில் மூடி பீரோவில் வைப்பதுதான் அதற்கு விருந்து. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் போதும். பொட்டலத்தை மட்டும் அவ்வப்போது மாற்றவேண்டும்.