பெயரை நீக்கினால் போதுமா?

புதுவை நகரின் தட்டாஞ்சாவடியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, முகவரி, தொலைபேசி எண், புகைப்படம், கையொப்பம், கைவிரல் ரேகை என ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகின்றன. உற்ற தோழிகூட அறியாத செய்திகளை, எங்கோ உள்ள ஒரு கணிப்பொறியிடம் அவள் ஒப்படைக்கிறாள். தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும். அந்தச் செய்திகள் என்னவாகின்றன?

2018-ஆம் ஆண்டு ஜூலையில், அவ்வாண்டு நீட் தேர்வு எழுதியோரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், தொலைபேசி எண், மதிப்பெண் முதலியன ஓர் இணையதளத்தில் விலைக்கு வைக்கப்பட்டிருந்ததாகச் செய்தி வெளியாயிற்று. மதிப்பெண் குறைந்து மனம் கலங்கியிருக்கும் குடும்பத்தின் தொலைபேசி எண், கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகருக்கு எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறை அன்று. அமெரிக்காவில் சாட் தேர்வை நடத்தும் ‘காலேஜ் போர்டு’ நிறுவனம், மாணவர்களின் விவரங்களைப் பணம் பெற்றுக்கொண்டு பிறருக்கு அளித்தது குறித்த வழக்கில், 2024-இல் நியூயார்க் மாநிலத்துக்கு 7,50,000 டாலர் செலுத்த இசைந்தது.

“பெயரை நீக்கிவிட்டு மற்ற விவரங்களை வெளியிட்டால் தீங்கில்லையே?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அஞ்சல் குறியீட்டெண் பகுதியிலிருந்து 1000 பேர் தேர்வு எழுதுவதாகக் கொள்க. அனைவரும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் பிறந்தவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாட்கள். நாளுக்கு ஒன்றாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே பெட்டி வைத்தால் மொத்தம் 1460 பெட்டிகள். இவற்றில் 1000 பேரையும் அவரவர் பிறந்த நாளுக்கேற்ப அமர்த்தினால், நிகழ்தகவுக் கணக்கின்படி ஏறக்குறைய பாதிப் பேர் தத்தம் பெட்டியில் தனியாகவே இருப்பர்! நம் மாணவியின் பிறந்தநாள் இனிப்பை உண்ட பக்கத்து வீட்டார், பெயரில்லாத பட்டியலிலிருந்தே அவளுடைய மதிப்பெண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக் கொண்டே தனித்து அடையாளம் காணலாம் என்று லட்டான்யா ஸ்வீனி என்ற கணிப்பொறி அறிஞர் 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டார்.

இதற்கு மாற்று என்ன? பெட்டியைப் பெரிதாக்குவதே. பிறந்த தேதிக்குப் பதிலாக ஆண்டை மட்டும் குறித்தால், 1460 பெட்டிகள் நான்காகச் சுருங்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 250 பேர் இருப்பர். கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிப்பது அரிதல்லவா? தேவையற்ற விவரத்தை அறவே விட்டுவிடுவது இன்னும் சிறந்தது.

2024-இல் நீட் தேர்வில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்தபோது, மதிப்பெண்களை மைய வாரியாக வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் ஜூலை 18 அன்று ஆணையிட்டது. மாணவர்களின் அடையாளத்தை மறைக்கவேண்டும் என்றும் கூறியது. அவ்வாறே 4,750 மையங்களின் மதிப்பெண்கள் வெளியாயின. எந்த மையத்திலும் ஐயத்துக்கிடமான மதிப்பெண்கள் உள்ளனவா என்று எவரும் ஆராய முடிந்தது. அதற்கு மாணவரின் பெயரோ பிறந்த தேதியோ தேவைப்படவில்லை. நேர்மையைச் சோதிப்பதும் அந்தரங்கத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

2023-இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையான விவரங்களையே கையாளவேண்டும் என்கிறது. 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது அதன் பொது விதி. இதற்கான நடைமுறை விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

சட்டம் ஒருபுறம் இருக்க, நாமும் விழிப்பாக இருத்தல் வேண்டும். தேர்வு முடிவைப் பார்க்கப் பல இடங்களில் பதிவெண்ணும் பிறந்த தேதியுமே திறவுகோல்கள். ஆகவே ஹால் டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிரௌசிங் சென்டரில் விண்ணப்பித்தால், அங்குள்ள கணிப்பொறியில் பதிந்த உங்கள் படங்களையும் சான்றிதழ்களையும் அழித்துவிட்டு வெளியேறுங்கள். பரிசு, இலவச மாதிரித் தேர்வு என்று எவரேனும் படிவம் நீட்டினால், “இந்த விவரம் எதற்கு?” என்று கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

தேர்வில் விடை எழுதுவது நம் கடமை. விண்ணப்பத்தில் கேள்வி கேட்பது நம் உரிமை.